தறி ஓடும்போது கூப்பிட்டால்

இப்போதெல்லாம் அரை மணிக்கு ஒரு முறை தறிகளை நிறுத்திவிடுகிறேன். எங்களுக்கு நான்கு விசைத்தறிகள். நான்கும் நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்கியதும் வீட்டின் பின்பக்கம் ஏதாவது கேட்கிறதா என்று நிற்பேன். ஒன்றும் கேட்காது. மறுபடி ஓட்டுவேன். "நூலும் அறுகல, கரண்டும் போகல. எதுக்கு நிறுத்தற?" என்கிறார் கணவர். அவரிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படிக்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை ஆட்டையாம்பட்டிக்கு வந்து திங்கள் காலை பஸ் ஏறுவாள். அவளைச் சேர்த்தபோது என் நாத்தனார், "இங்கிலீசுல கதை எழுதறதுக்கு ஒரு படிப்பாக்கும்? பொய் சொல்றதுக்கு நம்மூட்டுல ஆளு பத்தலையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். இந்தப் படிப்பு அவளை எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

இந்தப் பருவத்தில் அவளுக்குக் கதை எழுதுவதே ஒரு பாடம். விடுமுறையில் நோட்டும் பேனாவுமாக என் பின்னால் சுற்றினாள்.

"ஏனுங்மா, தறிக்குக் கஞ்சி போட்ட பாவு நூலு எதாட்ட வாசம் அடிக்கும்?"

"புளிச்ச சோத்தாட்ட. ஏஞ்சாமி?"

"சும்மா. தறிச் சத்தத்துல நீங்கெல்லாம் எப்படிப் பேசிக்குவீங்க?"

"ஒதட்டப் பாத்துத்தான். கையக் காட்டிக்குவோம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பி.ஏ. வரலாற்றைத் தபாலில் படித்து முடித்தவள் நான். என் பேச்சையும் ஒருத்தி குறிப்பெடுக்கிறாளே என்று பெருமையாக இருந்தது.

வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் அலசுவார்களாம். அப்போது கதையை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாதாம். "திட்டுனாலும் கேட்டுக்கிட்டு இருக்கோணும். அதான் ரூலு" என்றாள். நல்ல ரூல், நாத்தனாருக்கும் வைக்கலாம் என்றேன். அன்றைக்கு அப்படிச் சிரித்தோம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பில் அலசியபின் திருத்திய தன் கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைக்கச் சொன்னாள். படிக்கச் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடையில் கூட்டமாக இருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினேன். தெரியாத சொல்லுக்கெல்லாம் போனில் பொருள் பார்த்தபடி மெதுவாகப் படித்தேன். பாதிக்கு மேல் போனைத் தொடவில்லை.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். வீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே கட்டிய தண்ணீர்த் தொட்டி. அதைத்தான் நாங்கள் சம்பு என்போம். மூடி திறந்து கிடக்கிறது. எட்டிப் பார்த்து உள்ளே விழுகிறாள். தண்ணீர் கழுத்தளவு. கூப்பிடுகிறாள், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பக்கத்துக் கூடத்தில் தறிகள் ஓடுகின்றன. கடைசியில் குழாயைப் பிடித்துத் தானாகவே ஏறி வருகிறாள். தறிக்கூடத்து வாசலில் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, போய்த் துணி மாற்று என்று கையைக் காட்டிவிட்டு அறுந்த நூலை முடிச்சுப் போடத் தொடங்குகிறாள். அதோடு கதை முடிந்தது.

எனக்கு அந்தக் கை நினைவிருக்கிறது. அது என் கை.

சீருடை நனைந்து, தலையிலிருந்து நீர் சொட்ட அவள் வாசலில் நின்றாள். தண்ணீரில் விளையாடியிருக்கிறாள் என்று நினைத்தேன். தறியில் நூல் அறுந்திருந்த நேரம். அவள் வாய் அசைந்ததைப் பார்த்தேன். என்ன சொல்கிறாள் என்று பார்க்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் ஆளின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடும் நான், ஐந்தடி தூரத்தில் நின்ற என் பிள்ளையின் உதட்டைப் பார்க்கவில்லை. இரவு ஈரச் சீருடைக்காக அவள் முதுகில் ஓர் அடி வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. சம்பு மூடியை அன்று திறந்துபோட்டது நானா, அவரா? அது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

கடைக்காரப் பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் மகள் வந்ததும் கேட்டுவிட்டேன். "இது நெசமா நடந்துச்சா?"

"படிச்சீங்களா?" ஸ்பைரல் போட்ட கதையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "கதைதானுங்மா. பாதி நெசம், பாதி சேத்துக்கறது. அப்படித்தான் சொல்லித் தராங்க."

"எந்தப் பாதி நெசம்?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "கிளாஸ்ல அந்த அம்மாவ யாரும் நம்பலைங்மா. எந்த அம்மாவும் அப்படி இருக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.



அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பு கழுவ வேண்டிய நாள். கணவர் நெய்த துணியைக் கொடுக்கப் போயிருந்தார். மகளைத் தறிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏணி வைத்து இறங்கினேன். முழங்காலுக்குத் தண்ணீர் இருந்தது. வருடா வருடம் இறங்குகிற இடம்தான். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நடுவில் நின்றேன். தலைக்கு மேல் சதுரமாக வானம். தறிச் சத்தம் காதுக்கு வருவதைவிடச் சுவர் வழியாக உடம்புக்கு வந்தது.

"சாமி" என்று மகளைக் கூப்பிட்டேன். பிறகு சத்தமாக. பிறகு தொண்டை கிழிய. என் குரல் சுவரில் மோதி என்மேலேயே விழுந்தது. யாரும் வரவில்லை. நான் பெரியவள், ஏணி இருக்கிறது, தண்ணீர் முழங்காலுக்குத்தான். இருந்தும் விடாமல் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மேலே அவள் முகம் தெரிந்தது.

"ஏனுங்மா, கூப்பிட்டீங்களா?"

"கேட்டுச்சா?"

"இல்லீங்மா. தண்ணி குடிக்க வந்தேன்." குனிந்து என்னையும் சாத்திய துடைப்பத்தையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள். ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். "நடுவுல நின்னா கேக்காது. நானும் மொதல்ல அங்கதான் நின்னேன். அப்பறந்தான் அந்தக் கொழாய்க்குப் போனேன்."

இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"வாசல்ல நின்னு என்ன சாமி சொன்ன?"

"அதுவா." சிரிக்கப் பார்த்தாள். "அம்மா, நான் செத்துட்டனான்னு பாருங்க. அதான் சொன்னேன். அத்தன கத்தியும் யாருக்கும் கேக்கல. செத்தவங்க கூப்பிட்டாத்தான் கேக்காதுன்னு நெனச்சுட்டேன். நீங்க துணி மாத்தச் சொல்லிக் கையக் காட்டுனீங்க. செரி, அம்மா கண்ணுக்குத் தெரியறோம், சாகலன்னு ஊட்டுக்குள்ள போயிட்டேன்."

அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கதையில அத எழுதலையே?"

"எழுதியிருந்தேன். ஏழு வயசுப் புள்ள அப்படிப் பேசாதுன்னுட்டாங்க. எடுத்துட்டேன்."

"நாந்தான் பேசுனேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எழுதுனவ பேசக் கூடாதுல்லங்மா."

"திரும்ப எழுது சாமி. அந்த வரிய வெச்சுரு" என்றேன்.

அவள் வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் ஏறி வந்ததும் முழங்கால் வரை நனைந்திருந்த என் சேலையைக் காட்டி, வீட்டுப் பக்கம் கையை அசைத்தாள்.