ரெத்தினதாசின் ஹீட்டர் ஜெபம்

ரெத்தினதாசைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. பெருங்கடவிளையில் வாழைக்குலை ஏற்றும் பழைய டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறான். வயது அறுபத்திரண்டு. நான் அடுத்த வீடு. பத்து வருஷமாக அந்த வண்டியின் சத்தத்தில்தான் விழிக்கிறேன், என் தலையெழுத்து.

குளிர்ந்த டீசல் எஞ்சின் கிளம்ப வேண்டுமென்றால் முதலில் உள்ளே ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும். அதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ரிலே கெட்டுப்போனதும், புதிது வாங்க மனம் வராமல், வீட்டுக் காலிங் பெல் பொத்தானை டாஷ்போர்டில் மாட்டச் சொன்னான் இந்த மகாபுத்திசாலி. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் ஜிஜோ படித்துப் படித்துச் சொன்னான்.

"அண்ணா, பத்து எண்ணணும், கைய எடுக்கணும். கூடுதல் அமுக்கினா பிளக்கு எரிஞ்சு போவும்."

இவனா கேட்பான்? பொத்தானை அமுக்கிக்கொண்டே கண்ணை மூடி பரமண்டல ஜெபம் முழுவதையும் சொல்வான். ஆமென் வந்தால்தான் விரலை எடுப்பான். ஜெபத்தோடு எனக்கு விரோதம் இல்லை, நானும் அதே சபைதான். ஆனால் யாராவது பார்த்தால் இவன் ஜெபம் இன்னும் நீளும். எஞ்சின் கொதிக்கிற நடுமத்தியானத்திலும் இதே கூத்து. பிளக் எரியும், பழி ஜிஜோவுக்குப் போகும்.

"எனக்க ஜெபத்தில கொறவு இல்ல. அவனுக்க வயரிங்கிலயாக்கும் கொறவு" என்பான். வெட்கங்கெட்ட மனுஷன்.

போன ஜூலையில் அவன் மகள் எப்சிக்குத் திருவனந்தபுரத்தில் கிளார்க் வேலைக்கான தேர்வு. வயது வரம்பு முடிகிறது, அவள் எழுதக்கூடிய கடைசித் தேர்வு அதுதான். ஏழு மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டை அடைத்துவிடுவார்கள். ஐந்தரை பஸ்ஸுக்கு அவள் குடையோடு இறங்கினாள்.

"எனக்க வண்டி நிக்கும்போ எனக்க மோளு பஸ்ஸில தொங்கப்பிடாது" என்று இழுத்து உட்காரவைத்தான் மடையன்.

கொட்டுகிற மழை. நான் முன்வாசலில் சாயாவோடு நின்று வேடிக்கை பார்த்தேன். பொத்தான், ஜெபம், ஆமென், சாவி. எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

"அப்பா, பஸ்ஸும் போயாச்சு. பிளக்கு எரிஞ்சு போச்சுப்பா, நான் எறங்கட்டா?"

"மிண்டாம இரி மோளே. விசுவாசம் வேணும்."

மறுபடியும் முதலிலிருந்து ஜெபம். எப்சி மதிலுக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தாள். கிழவன் நன்றாகப் படட்டும் என்று நான் இன்னொரு வாய் சாயா குடித்தேன். கடைசியில் பேட்டரியும் செத்தது. ரோட்டில் போன நாலு பேர் இறக்கத்தில் தள்ளிவிட, வண்டி கிளம்பியபோது ஆறே முக்கால். போய்ச் சேர்வதற்குள் கேட்டை அடைத்துவிட்டார்கள்.

மத்தியானம் நனைந்து திரும்பியவளிடம், "ஒனக்க அப்பனுக்குப் பத்து வரை எண்ணத் தெரியாதாக்கும் மோளே" என்றேன். அவளும் சேர்ந்து திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்பாக்குத் தெரியாது மாமா. ஒங்களுக்கு எல்லாம் தெரியுமே. காலம்பற ஒங்க ஸ்கூட்டரு முற்றத்தில சும்மாதானே நின்னுது?" என்றாள்.