சார் வட்டத்தில் உட்கார்ந்த நாள்

மண்டபம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் மட்டும் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவால் வெளியே போனார். சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் அமைப்பு வருடாவருடம் வைக்கும் மதிய விருந்து அது. இடியப்பத்தட்டில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி எங்கள் தலைவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதவு மூடியதை அவர் கவனிக்கவில்லை. நானும் எங்கள் இயக்குநர் அன்ரியும் கவனித்தோம்.

அந்த அமைப்பில் நான் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்துவிட்டால், இருவருக்கும் சம்மதம் என்றால், அவர்களை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேச வைப்பதுதான் எங்கள் வேலை. யாருக்கு என்ன தண்டனை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யாருக்கு எங்கே நோகிறது, அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்றுதான் கேட்போம். சமூக மண்டபத்தின் பின்னால் ஓர் அறை. நடுவில் மேசை கிடையாது, கதிரைகள் மட்டும் வட்டமாக இருக்கும். அந்த அறையில் பேசியது வெளியே போகாது என்பதுதான் எங்களுடைய முதல் விதி.

இதை நடத்தியவர்கள் இருவர். இயக்குநரை நாங்கள் எல்லோரும் அன்ரி என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவரை சார் என்போம். ஊர் மதுரைப் பக்கம், இங்கே கெல்லிவில்லில் வீடு, ஓய்வுபெற்ற பொறியியலாளர். இருவரும் முதலில் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். மளிகைக்கடை வாசலில் ஒரே ஒரு வண்டி நிறுத்த இடம். இருவரும் ஒரே நேரத்தில் காரை நுழைக்கப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, இருவரும் கண்ணாடியை இறக்கி நியாயம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் அந்த இடத்தை மூன்றாவது ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டார். தோற்ற இருவரும் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள். அங்கே தொடங்கிய பேச்சில்தான் அமைப்பு பிறந்தது. முதலில் வந்தது யாருடைய கார் என்பதில் மட்டும் இன்றுவரை இணக்கம் இல்லை.

வட்டத்தை நடத்துவதில் இருவருக்கும் தனித்தனி வழி. அன்ரி யாரையும் உடனே பேசவிட மாட்டார். "முதல் தேத்தண்ணி. கதை பிறகு," என்பார். கோபத்தோடு வந்தவர் கையில் சூடான கோப்பையைக் கொடுத்தால் அவர் கையை வீசிப் பேச முடியாது என்பது தாதிக்குத் தெரிந்திருந்தது. சாருக்கு இன்னொரு வாக்கியம். தப்புச் செய்தவர் சுற்றி வளைத்துக் காரணங்கள் அடுக்கத் தொடங்கினால், மெதுவாகக் குனிந்து, "விளக்கம் வேண்டாங்க. பதில் வேணும்," என்பார். பெரிய பெரிய ஆட்கள் அந்த வாக்கியத்தில் வாயடைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று சார் மேடையில் சொன்ன கதை இதுதான். பென்டில் ஹில்லில் ஒரு வீட்டு முருங்கை மரம் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. மரத்துக்குச் சொந்தக்கார அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் பக்கத்து வீட்டு அங்கிள் மரத்தை அடியோடு வெட்டிவிட்டார். வந்து பார்த்தவர் நேராக உள்ளே போய், மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து, அங்கிள் அன்று காலைதான் கழுவி மினுக்கிய காரின் மேல் ஊற்றினார். சார் நன்றாக நடிப்பார். அங்கிள் மூக்கைப் பொத்திக்கொண்டு காரைச் சுற்றிவந்ததை அவர் நடித்துக் காட்டியபோது, பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

பெயர் சொல்லவில்லைதான். ஆனால் பென்டில் ஹில்லில் முருங்கை வளர்ப்பவர்களைத் தெரியாத தமிழர்கள் குறைவு. எங்கள் வட்டத்தில் அந்தச் சண்டையைப் பேசித் தீர்த்தவர்தான் எழுந்து போன மஞ்சள் சேலை அக்கா; அவரை விருந்துக்கு அழைத்திருந்தது அன்ரி. அந்த வாரமே மளிகைக்கடையில் யாரோ அவரைப் பார்த்து, "இண்டைக்கு என்ன மீனக்கா," என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

அன்ரி சாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அலுவலகம் என்பது ஒரே அறை, இரண்டு மேசை. ஒருவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொன்னார்கள். "பிள்ளை, அவரிட்டச் சொல்லு, சாவியை வச்சிட்டுப் போகட்டாம்." இதைக் கேட்டுக்கொண்டே எதிரில் சார் உட்கார்ந்திருப்பார். "நான் பேரே சொல்லலையேம்மா," என்று என்னைப் பார்த்துச் சொல்வார். அன்ரி பதவியை விடப்போகிறேன் என்றார். அவர் போனால் கதவை மூடவேண்டியதுதான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை நான் கேட்டேன்: "வேற ஆட்களா இருந்தா நாங்க என்ன செய்வம்?" நாங்களும் வட்டத்தில் உட்கார வேண்டும் என்றேன். இருவரும் மறுக்கவில்லை.

அக்காவைப் பார்க்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கதவில் நின்றபடியே, "உங்கட வட்டத்தை நம்பித்தான் ஒருக்கா வாயைத் திறந்தனான்," என்றார். சாரோடு ஒரு வட்டத்தில் உட்கார வருவீர்களா என்று கேட்டேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார். "அந்தாள் எந்தக் கதிரையில இருப்பார்?" தப்புச் செய்தவர் இருக்கும் கதிரையில் என்றேன். "அப்ப வாறன்."

ஒரு சனிக்கிழமை காலை நால்வரும் உட்கார்ந்தோம். நடத்த வேண்டியவள் நான். அன்ரி வழக்கம்போல் தேத்தண்ணி ஊற்றினார். சாருக்குச் சீனி இல்லாமல், அவர் விரும்பும்படியே கொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. சார் தொடங்கினார். பெயர் சொல்லவில்லை, தெருவைச் சொல்லவில்லை, எங்கள் வேலை எவ்வளவு நல்லது என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் சொன்னேன் என்று போய்க்கொண்டே இருந்தது. அவரைப் போலவே மெதுவாகக் குனிந்தேன். சொன்னேன். "சார், விளக்கம் வேண்டாம். பதில் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். அன்ரி கோப்பைக்குள் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. சார் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வேறு குரலில் சொன்னார். "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. அதான் சொன்னேன். வேற காரணம் இல்லம்மா."

அக்கா தலையை ஆட்டினார். "நீங்கள் மீன்தண்ணியைச் சொன்னீங்கள். மரத்தைச் சொல்லேல்ல," என்றார். பழைய வட்டத்தில் அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். இந்த நாட்டில் வாடகை வீடு வாடகை வீடாக மாறித் திரிந்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் அவர் முதலில் நட்டது அந்த முருங்கைத் தடி. குளிர்காலத்தில் பனி கருக்காமல் இருக்கத் தன் போர்வையை அதற்குச் சுற்றிவிட்டு, தான் மேற்சட்டையோடு படுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அங்கிள் இதைக் கேட்டபிறகுதான் அழுதார். அவரே ஒரு புதுத் தடி தேடிக் கொண்டுவந்து நட்டார். சாரின் கதையில் இது எதுவுமே இல்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன செய்யணும், சொல்லுங்க," என்றார்.

"அது என்ர கதை. அடுத்த விருந்தில நான் சொல்லுறன். நீங்கள் முன்வரிசையில இருந்து கேக்கோணும்."

அடுத்த விருந்தில் அக்கா அதே மஞ்சள் சேலையில் மேடை ஏறினார். முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு குரல் பிடித்துக்கொண்டது. சூடைமீன் கழுவிய தண்ணீர் என்று அவர் சொல்ல, பின்வரிசையில் இருந்து பக்கத்து வீட்டு அங்கிள் எழுந்து, "சூடை இல்லை, இறால். மூக்கைப் பொத்தினவன் நான்," என்றார். சார் சொன்னபோது எழுந்த சிரிப்பைவிட இது பெரிய சிரிப்பு. முன்வரிசையில் சாரும் அன்ரியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து சிரித்தார்கள். பிறகு அக்கா போர்வையைப் பற்றிச் சொன்னார். மண்டபம் அடங்கிப்போனது. கடைசியாக, சாரின் சம்மதத்தோடு, ஒரு பெரிய மனிதர் தன்னைக் கேட்காமல் இந்தக் கதையை எடுத்துச் சொன்னதையும், பிறகு தப்புச் செய்தவர் கதிரையில் வந்து உட்கார்ந்ததையும் சொன்னார். "வந்து இருந்தார். அது எல்லாராலயும் ஏலாது," என்றார். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

இப்போது அன்ரி மகளோடு மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கிறார். அந்தத் தெருவில் குப்பைத்தொட்டி வைப்பதில் இரண்டு வீட்டுக்குப் பிரச்சினையாம், தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னார். அவருடைய இடத்தில் எங்கள் அமைப்பை நடத்துவது அந்த அக்காதான். சார் பொறுப்பை விட்டுவிட்டார். ஆனால் விருந்துக்கு முதல் ஆளாக மனைவியோடு வந்துவிடுவார்.

இந்த வருடமும் வந்தார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அவரை ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். அக்காவே ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன வாரம் எங்க வீட்டுல என்னாச்சுன்னா..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திவிட்டு, மூன்றாவது மேசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ரசம் குடித்தபடியே, மெல்ல, ஒருமுறை, தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"அனுமதி கிடைக்கல," என்று சொல்லிவிட்டு சார் உட்கார்ந்துவிட்டார்.