சுவீடன் தளபதியும் என் தம்பியும்

என் கணவருக்குப் போர்க்கதை என்றால் உயிர். துவக்கை ஒருநாளும் தொட்டதில்லை. அது வேறு விஷயம். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டாளிகள் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில், ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியின் வரைபடத்தை விரித்து, கரம் காய்களைப் படைகளாக அடுக்குவார்கள். தேத்தண்ணீர் ஊற்ற நான்.

2008 மாரியில், நூலகம் கழித்துப்போட்ட பிரெஞ்சுப் புத்தகமொன்று அவரிடம் அகப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டுச் சுவீடன் பிரபு ஒருவனின் வாழ்க்கை. பெரிய வீட்டுப் பிள்ளை, ஜெர்மன் நாடுகளில் சண்டைபிடித்துத் தளபதியானவன், கொள்ளையடித்த படங்களையும் புத்தகங்களையும் கொண்டுவந்து ஏரிக்கரை மாளிகையில் நிரப்பியவன். அதன்பிறகு எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அவன்தான். அரசனோடு உறைந்த கடலைக் குதிரையில் கடந்த கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"பனி உடையேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உடைஞ்சதுதான். கொஞ்சக் குதிரைப்படை தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு. அதுக்காகப் போர் நிக்குமோ?"

"அப்பிடித் தாண்டு செத்தவையின்ரை பேர் அதிலை கிடக்கோ?"

"விசர்க் கதை கதைக்காதையப்பா. அதையெல்லாம் ஆர் எழுதுவினம்?"

2009 தை மாதம் வன்னியிலிருந்து தம்பி தொலைபேசியில் வந்தான். "அக்கா, பாதை கொஞ்சம் திறந்திருக்கு. சனம் ஆமியின்ரை பக்கம் போகுது. நாங்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவோ?" உடனே போடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணவர் ரிசீவரைப் பறித்துவிட்டார்.

"அவசரப்படாதை. இது பின்வாங்கல் இல்லை, தந்திரம். ஆமியை உள்ளுக்கு விட்டு இயக்கப் பெடியள் அடிக்கப் போகினம். பெரிய தளபதியளெல்லாம் இப்பிடித்தான் செய்தவை."

"நீங்கள் சொன்னாச் சரி, அத்தான்." அது எனக்கும் கேட்டது. உடனே இணைப்பு அறுந்தது. திருப்பி எடுக்க இலக்கம் இல்லை.

வைகாசியில் போர் முடிந்த பிறகு, அகதி முகாமுக்கு வந்துசேர்ந்த ஊர்க்காரி ஒருத்தி, தம்பியும் மனைவியும் பிள்ளையும் பதுங்குகுழியோடு மண்ணுக்குள் மூடுப்பட்டார்கள் என்றாள். எந்த இடமென்று அவளுக்கும் தெரியாது. கணவர் கரம் காய்களைப் பெட்டியில் போட்டு மூடினார். அந்த மனிசனை மன்னிக்க எனக்கு இன்றைக்கும் மனமில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நானே படித்தேன். நான் வேலைபார்க்கும் கார்தரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளோடு கற்ற பிரெஞ்சு அதற்குப் போதும். தளபதி தன் சொந்த வீட்டில் செத்தான். ஏரிக்கரை மாளிகையில் ஒரு மண்டபம் பாதியில் நின்றது. வேலையாட்கள் கீழே வைத்துவிட்டுப் போன கருவிகள் இன்றும் அங்கே காட்சிக்குக் கிடக்கின்றனவாம்.

"ஒருக்கா அந்த மாளிகையைப் போய்ப் பாக்கவேணும்," என்றார் கணவர், என் கையில் புத்தகத்தைக் கண்டதும்.

"போங்கோ," என்றேன். "அப்பிடியே என்ரை தம்பியை எங்கை மண்ணுக்குள்ளை தாட்டதெண்டும் உங்கடை தளபதியிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."