எங்கள் நாய் யாரைப் பார்த்துக் குரைத்தது

மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருக்கிறார். ஒருநாள் கீழே இறங்கி வந்து, "இன்னா சார், காலைல உங்க நாய் ஊட்டையே தூக்குது. இந்த மாசத்துக்குள்ள அடக்குங்க. இல்லாங்காட்டி எங்கனா உட்டுட்டு வாங்க" என்றார். எங்கே விடுவது? தெருவில் குட்டியாகக் கிடந்ததை நான்தான் தூக்கி வந்தேன். மனைவி பயப்படுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. பயம் முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன்.

பிறகு சந்தேகம் பிடித்தது. நாளெல்லாம் சாதுவாகக் கிடக்கிற நாய், காலையில் நான் குளிக்கும் நேரத்தில் மட்டும் மதிலைப் பார்த்துக் குரைப்பானேன்? யாரோ சீண்டுகிறார்கள். முதலில் பால் பாக்கெட் போடுகிறவரைச் சந்தேகித்தேன். அடுத்து எதிர்வீட்டுக்காரர். கடைசியில் மாடிக்காரரையே. அவரே பால்கனியில் நின்று நாயைக் கிளப்பிவிட்டு, எங்களைக் காலி செய்யவைத்து, வாடகையை ஏற்றப் பார்க்கிறார். அடுத்தது விஷம்தான். வாசலில் கிடந்த பிஸ்கட் துண்டை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தேன். அது என் சட்டைப்பையிலிருந்து விழுந்தது என்று பிறகு தெரிந்தது.

அம்பத்தூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

"குரைச்சா நீங்க என்ன பண்றீங்க?"

"பாத்ரூம்லேர்ந்தே அதைவிடப் பெரிசா கத்துவேன்."

"அப்ப நீங்களும் சேர்ந்து குரைக்கிறதா நெனச்சுக்கும்."

அடிக்காதீர்கள், வாயைக் கட்டாதீர்கள் என்றார். எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று கண்டுபிடித்து, அது கண்ணில் படாமல் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது தின்ன ஏதாவது கொடுங்கள் என்றார்.

மறுநாள் காலை குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்பக்கமாக வந்து மதிலோரம் நின்ற பைக்கின் உறைக்குள் புகுந்துகொண்டேன். தொந்தி அடங்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்தேன். ஒரு கை மதில்மேல் எதையோ வைத்தது. வளையல் போட்ட கை.

"கா... கா..."

என் மனைவி. காக்கைக்குச் சோறு. அதற்கு வைக்காமல் எங்கள் வீட்டில் யாருக்கும் தட்டு போடமாட்டாள். காகங்கள் கூட்டமாக இறங்கின. நாய் மதிலடியில் வெறிபிடித்துக் குதித்தது.

"இதைப் பாத்துதான் தினம் குரைக்குதா?" என்று உறைக்குள்ளிருந்து கேட்டேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே போட்டாள். "ஆமா. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அதுக்குள்ள நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?"

மாடிக்காரர் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து சோறு மொட்டைமாடிக்குப் போனது. அந்த நேரத்தில் நாயை உள்ளே வைத்து, வாய் மூடியிருக்கும்போதெல்லாம் வேகவைத்த கேரட் கொடுத்தேன். கத்துவதை நானும் நிறுத்தினேன். மெல்ல மெல்ல அடங்கியது.

மாதக் கடைசியில் மாடிக்காரர் வந்தார். முகத்தில் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் நம்பிக்கை வரவில்லை.

"மொட்டமாடில சோறு வைக்கிறது உங்க ஊட்லயா?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். "ஆமாங்க. வேணாம்னா..."

"எங்கம்மா போனதுலேர்ந்து நானும் மேல வச்சிகினுதான் கீறேன் சார். ஒரு காக்கா தொட்டதில்ல. அம்மாக்கு எம்மேல இன்னா கோவமோன்னு கெடந்தேன். எல்லாம் உங்க மதில்லயே துன்னுட்டுப் போயிக்கீது. இப்ப உங்க சோத்துக்கு வந்து, எங்கம்மா சோத்தையும் துன்னுது."

மாடிப்படி ஏறப் போனவர் திரும்பினார்.

"நாய் இருக்கட்டும் சார். சோத்தை மட்டும் திரும்பக் கீழ வச்சிராதீங்க."