சின்னத்திரைக் கிராமத்தில் நாற்பது நிமிடம்

எனக்கு டேனிஷ் வந்தது மொழி வகுப்பில் பாதி, தொலைக்காட்சியில் பாதி. டென்மார்க்கில் வைலே என்ற ஊருக்கு வந்த புதிதில் என் கணவருக்குத் தொழிற்சாலையில் மாலை வேலை. நான் வீட்டில் தனியே இருந்து இங்கிலாந்துத் துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்ப்பேன். இந்த நாட்டில் பெரியவர்களுக்கான தொடர்களுக்குக் குரல் மாற்ற மாட்டார்கள், கீழே டேனிஷில் எழுத்துத்தான் ஓடும். காதில் அரைகுறை ஆங்கிலம், கண்ணில் டேனிஷ், மடியில் ஒரு கொப்பி. இதனால் வெங்காயத்துக்கு டேனிஷில் என்ன சொல்வது என்று தெரியுமுன்பே உயில், வாரிசு, கழுத்தை நெரித்தல் எல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. கடையில் வெங்காயத்தைக் கைகாட்டித்தான் வாங்கினேன்.

வாரத்துக்கு ஒரு கொலை விழுந்தாலும் அந்தக் கிராமம் அவ்வளவு வடிவு. தேன் நிறக் கல்வீடுகள், நடுவே ஓர் ஓடை, அதன் மேல் இரண்டு பேர் ஒதுங்கிப் போகக்கூடிய ஒரு பாலம். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் பின்னேரத் தேநீர் நேரத்தில் அதே தொடரின் மறு ஒளிபரப்பு. கொலைகாரன் யாரென்று எனக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் எழும்ப மாட்டோம். அது இங்கிலாந்தில் கொட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் பக்கத்து ஊர் என்று தேடிப் பிடித்த நாளிலிருந்து அங்கே போகவேண்டும் என்ற ஆசை.

இங்கிலாந்துக்குப் போகாமலில்லை. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று வருடம் தவறாமல் போயிருக்கிறோம். வேலைக்குத் திரும்பியதும் கூட வேலை செய்யும் டேனிஷ் பெண் “அங்கே என்ன பார்த்தாய்?” என்று கேட்பாள். என்னத்தைச் சொல்ல? லண்டனில் உள்ள மண்டபங்களின் கார்த் தரிப்பிடங்களைப் பற்றி என்னிடம் கேட்டால் புத்தகமே எழுதுவேன்.

ஐம்பது வயது வந்தபோது வீட்டில் சொல்லிவிட்டேன். நகை வேண்டாம், மண்டபம் வேண்டாம். அந்த ஓடைக்கரையில் இரண்டு இரவு தங்கி, விடிய ஆட்கள் வருமுன் அந்தப் பாலத்தில் தனியே நிற்கவேண்டும். அவ்வளவுதான். நவம்பர் தொடக்கத்தில், ஓடையைப் பார்த்த விடுதியொன்றில் நானே அறை போட்டேன். என் பெயரில், என் வாழ்க்கையில், முதன்முதலாக.

என் மனிசன் போய் லண்டனில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

“அக்காவுக்குச் சொல்லாமல் இங்கிலாந்துக்குப் போகேலுமே?” என்றார். போகலாம். விமானம் கேட்காது, விடுதிக்காரர் கேட்கமாட்டார். அன்று பின்னேரமே அந்த அக்காவிடமிருந்து, அதாவது என் மச்சாளிடமிருந்து, தொலைபேசி வந்தது.

“எங்கட வீடு இருக்க, நீங்கள் ஹோட்டலில போய்ப் படுக்கப் போறியளோ? சனம் எங்களைப் பற்றி என்ன கதைக்கும்? நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். வான் பிடிச்சு நாங்களே உம்மைக் கொண்டே காட்டுறம். அடுத்த நாள் இஞ்ச ஒரு குடிபூரலும் இருக்கு, அதுக்கும் நிண்டிட்டுப் போகலாம்.”

நான் “ஓம் மச்சாள்” என்றேன். அறையை ரத்துச் செய்தேன். அந்தப் புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கட்டவென்று ஒரு சேலையைப் பெட்டியில் வைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

லண்டனில் மச்சாள் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு வெளிக்கிடுவது என்று பேச்சு. வானில் பதினொரு பேர். ரோல்ஸ், மீன் வைத்த மாலுபாண், சோத்துப் பார்சல், இரண்டு பெரிய போத்தலில் தேநீர். எல்லாவற்றையும் ஏற்றி முடிக்கப் பத்து மணி. நான் ஆறரைக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

பாதி வழியில் மச்சாளின் கணவர் வானைத் திருப்பினார். பக்கத்து ஊரொன்றில் அவருடைய தங்கச்சி இருக்கிறாவாம். “வாசலால போறம், எட்டிப் பாக்காமல் போனால் குறை நினைப்பா. ஒரு தேத்தண்ணி, அஞ்சு நிமிசம்.”

எங்கள் ஆட்களின் ஐந்து நிமிடம் எனக்குத் தெரியாதா? சப்பாத்தைக் கழற்றினாலே ஒரு மணித்தியாலம். அந்தத் தங்கச்சி எங்களைக் கண்டதும் அரிசியை உலையில் போட்டா. சோத்துப் பார்சல் வானில் கிடக்க, நாங்கள் அங்கே கோழிக்கறி சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியக் கலியாண வீடியோ போட்டார்கள். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதைக் கண்டு மனிசன் முழங்கையால் இடித்தார். வெளியே நல்ல வெயில், அது வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. எழும்பும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது.

கிராமத்துக்குள் நுழைந்தது மூன்றரைக்கு. நவம்பர் மாதத்தில் நாலரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். வானை நிறுத்த இடம் தேடியதில் இன்னும் கொஞ்சம் போனது. நாற்பது நிமிடம் இருந்தது எனக்கு.

தொடரில் வரும் துப்பறிவாளரின் வீட்டுக் கதவில், இங்கே ஆட்கள் குடியிருக்கிறோம், தயவுசெய்து படம் எடுக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கதையிலும் அவர் குடிக்கும் மதுக்கடையின் வெளிப்பக்கம் மட்டும்தான் அங்கே, உள்பக்கமெல்லாம் வேறெங்கோ அரங்கு போட்டு எடுத்ததாம். அதுகூடப் பரவாயில்லை. ஓடை இருந்தது, பாலம் இருந்தது. ஆனால் பாலத்தில் எங்கள் பத்துப்பேரும் நின்றார்கள். ரோல்ஸ் கைமாறிக்கொண்டிருந்தது.

“இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றார் மச்சாளின் கணவர்.

“நீரும் வாரும், எல்லாரும் நிண்டு ஒரு படம் எடுப்பம்” என்றா மச்சாள். நான் போய் நடுவில் நின்று சிரித்தேன். ஓடையின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். சின்னமகளுக்கு வாங்கிய கார் சரியில்லையென்று யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. குளிர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் அறை போட்டிருந்த விடுதிக்குள் நுழைந்தேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது, இன்றைக்கு அறை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள் அந்தப் பெண். ஓடைப் பக்கம் யன்னல் உள்ள அறை. அறைக் கதவின் திறப்பை எடுத்து மேசையில் வைத்து, எத்தனை இரவு என்று கேட்டாள்.

அப்போது மனிசன் என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். திறப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு மாதமாக அடக்கிவைத்த அவ்வளவையும் கொட்ட நானும் ஆயத்தமாகத்தான் நின்றேன்.

“இண்டைக்கு இஞ்சயே நிப்பம்” என்றார். “அக்காவுக்கு நான் சொல்லுறன். நாளைக்கு ரெயின் எடுத்துப் போவம். குடிபூரல் போனால் போகட்டும்.”

கண்ணாடிக்கு வெளியே மச்சாள் கையில் என் குளிர்ச்சட்டையை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றா.

“விசரே உங்களுக்கு?” என்றேன். “அக்கா என்ன நினைப்பா? எங்களுக்கெண்டு வான் பிடிச்சு வந்த சனம். நான் சும்மா விலை கேட்டனான். வாங்கோ.”

அந்தப் பெண் திறப்பைத் திரும்ப எடுத்து மாட்டினாள்.

வைலேக்கு வந்து மூன்று கிழமை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்ன கோபம் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நிப்பம் என்று சொன்னவர் அவர், வாங்கோ என்று வெளியே கூட்டிவந்தவள் நான்.