கோயில் முனையில் விழுந்த கோல்கள்

மருமகள் மடிக்கணினியை மூடாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். எனக்கு அச்சம் தொடங்கியது அப்போதுதான். எதையும் பாதியில் விட்டு எழுகிற பெண் அல்லள் அவள். ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிக்கிறாள். மாணவர் தாள்களைத் திருத்தும்போது நாம் தேநீர் வைத்தால் அது ஆறிப்போகுமே தவிர அவள் தலை நிமிராது. அன்று அவள் திரையில் இருந்தவை எங்கள் காற்பந்துக் குழு அண்மையில் ஆடிய ஆட்டங்களின் கணக்குகள். அந்தக் குழுவின் கோல்காவலன் அவள் கணவன். எனக்கு அவன் ஒரே மகன்.

எங்கள் குழு, இன்று இல்லாத ஒரு தோட்டத்தின் குழு. ரப்பர் பால்மரங்களை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். செம்பனையிலும் ஒரு பகுதியை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்தது. மாரியம்மன் கோயிலும் அதன் வாசலுக்கு எதிரே இருக்கும் திடலும் மட்டும் எஞ்சின. ஆட்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனாலும், வார இறுதி மாலைகளில் அந்தத் திடலுக்கு வந்துவிடுவார்கள். மாலைப் பூசையில் பதிகம் பாடுவது பல ஆண்டுகளாக என் பணி. கோயில் வழக்கம் பற்றிய ஐயம் எழுந்தால் என்னிடம் கேட்பதும் அதனால் ஏற்பட்ட பழக்கம்.

பேராக் மாநிலத்தில் இப்படி எஞ்சிய தோட்டங்களின் குழுக்களுக்குள் ஒரு போட்டி நடந்து வருகிறது. சொந்தத் திடலிலேயே முதலில் சித்தியவான்காரர்களிடம் தோற்றோம். பிறகு ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்தவர்களிடமும் தோற்றோம். அடுத்து வருவது தெலுக் இந்தான் குழு. அதிலும் தோற்றால் வெளியேற வேண்டியதுதான். ஆகவே குழுவின் செயலாளர் என் மருமகளிடம், படித்த பிள்ளை, ஆட்டப் பதிவுகளைப் பார்த்து எங்கே பிழை என்று கணக்காக எடுத்துக் கொடு என்று கேட்டிருந்தார். கோல்காவலனை மாற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கத்தான் அந்தக் கணக்கு என்பது அவள் ஒப்புக்கொண்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

என் மகனுக்கு முப்பத்தைந்து கடந்துவிட்டது. அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள்; இப்போது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கிறான். வீட்டில் அவன் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட்டாயா என்றால் ஆம், களைப்பா என்றால் இல்லை, அவ்வளவே. திடலில் மட்டும் அவன் குரல் எழும்பும். இடப்பக்கம் போ, முன்னால் ஏறு என்று அவன் கூவுவதைக் கோயில் மண்டபத்திலிருந்து கேட்கும்போது, இவன் இன்னும் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வயதில் ஒரு கோல்காவலனை ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி யாரும் அழைக்கமாட்டார்கள். அந்தக் குரலும் நின்றுவிடும் என்பதுதான் என்னை அரித்த கவலை.

அடுப்படியிலிருந்து திரும்பியவள் எனக்கு எதிரே அமர்ந்து சொன்னாள். விழுந்த கோல்களை மட்டும் அவள் எண்ணவில்லை. எதிரணி அடித்த ஒவ்வொரு பந்தையும் எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது, எந்த உயரத்தில் வந்தது, குறுக்கே ஆட்கள் இருந்தார்களா என்று பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்ட பந்து பொதுவாக உள்ளே போகக்கூடியதா, தடுக்கக்கூடியதா என்று மதிப்பிட்டு, உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டிருக்கிறாள். பிடித்திருக்க வேண்டிய பந்துகளைத் தன் கணவர் விட்டிருக்கிறார் என்று கணக்கு சொல்வதாகக் கூறினாள். இரண்டு நாளாக அதை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"நான் இத மாத்திக் காட்டமாட்டேன் மாமா," என்றாள். "அவரு என் புருஷன்னு கணக்குக்குத் தெரியாது."

மாற்ற வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் மீண்டும் திரையின் முன் அமர்ந்தாள். மொத்தமாகப் பார்த்ததைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள். வெளியூர் ஆட்டங்களில் அவன், கணக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பந்துகளைத் தடுத்திருக்கிறான். சொந்தத் திடலில் மேற்கு முனையிலும் குறையில்லை. கெட்டதெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. கிழக்கே, கோயில் முனையில், இரண்டாம் பாதியில், உயர்ந்து வரும் பந்துகளில். நாணயம் சுண்டியபடி இரண்டாம் பாதியில் எதிரணிக்கு அந்த முனை வாய்த்த ஆட்டங்களும் உண்டு. அவர்களுடைய காவலர்களுக்கு அங்கே எந்தத் தடுமாற்றமும் இல்லை.

"கோயில் பக்கம் நிக்கிறப்ப மட்டும் இவருக்கு என்ன ஆவுது மாமா?"

அவள் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துப் பழக்கம் அறியாதவள். எனக்கோ கேட்ட கணத்திலேயே விடை தெரிந்துவிட்டது. அந்த வேளையில் கதிரவன் மேற்கே செம்பனைகளின் உச்சிக்கு இறங்கி, கோயில் முனையில் நிற்பவனின் கண்ணுக்கு நேரே வரும். எந்தக் காவலனும் தொப்பி அணிவான். வெளியூரார் அணிகிறார்கள். எங்களவர் அணிவதில்லை. கோல்கம்பத்துக்குப் பின்னால் சில அடி தூரத்தில் அம்மன் வாசல். தோட்டக் காலத்தில் அந்த வாசலைக் கடக்கிற எவரும் தலைத்துண்டைத் தோளுக்கு இறக்குவர். மழையிலும் குடையை மடக்குவர். விருந்தாளிகளிடம் நாங்கள் அதைச் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளிடமும் யாரும் சொன்னதில்லை. பார்த்தே பழகியது. என் மகன் கோயில் முனைக்கு வரும்போது தொப்பியைக் கழற்றிக் கம்பத்தடியில் வைப்பதை எத்தனையோ மாலைகளில் கண்டிருக்கிறேன். அது எனக்கு ஒரு செய்தியாகவே தோன்றியதில்லை.

அவளிடம் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"இருக்கலாம் மாமா. ஆனா ஆட்டம் ரொம்பக் கொறச்சல். நான் தேடித் தேடிப் பிரிச்சேன். அவரக் காப்பாத்துற மாதிரி ஒண்ணு கெடைக்கிற வரைக்கும் பிரிச்சிக்கிட்டே இருந்திருப்பேனோன்னு பயமா இருக்கு."

சிறிய கணக்கைப் பலவாறாக வெட்டினால் ஏதேனும் ஒரு வெட்டில் வேற்றுமை தெரியத்தான் செய்யும், அது உண்மையாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம் என்று விளக்கினாள். கணிதம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நோயை அறிவேன். மனத்தில் ஒரு வேண்டுதலைச் சுமந்துகொண்டு பதிகம் பாடுகிறவனுக்கு, ஒவ்வோர் அடியும் தன் வேண்டுதலுக்கே இறைவன் தந்த மறுமொழிபோல ஒலிக்கும். பாடியவர் எண்ணியது வேறு. கேட்கிறவன் எடுத்துக்கொள்வது வேறு.

காவலனை மாற்றுவதா என்று முடிவுசெய்யும் குழுக் கூட்டம் சனிக்கிழமை. அதுவரை இருந்த நாள்களில் பூசையில் பாடும்போது அடிகள் எனக்குத் தவறின. நன்கு பழகிய பாடலிலேயே ஓரிடத்தில் நின்றுபோய், பூசாரி திரும்பிப் பார்க்கும்படி ஆயிற்று. கோயில் வழக்கம் என்பதால் என்னைத்தான் கேட்பார்கள். தொப்பி அணியலாம் என்று நான் சொன்னால், மகனுக்காக வழக்கத்தை வளைத்தான் என்பார்கள். அதில் பொய் இல்லை என்று என்னாலும் சத்தியம் செய்ய இயலாது. கூடாது என்றால் மகன் வெளியே. இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் என் தாயின் முகம் நினைவுக்கு வந்தது. விடியுமுன் பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவள், நெற்றியில் கட்டிய விளக்கு எரிந்துகொண்டிருக்க, அதே வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள். ஆணும் பெண்ணுமாக எல்லாரும் அப்படித்தான். விளக்கையும் அதன் பட்டையையும் கழற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அது அழகுக்கு அணிந்ததன்று, தொழிலுக்கு அணிந்தது. அப்படியானால் காவலனின் தொப்பியும் அதுபோலத்தானே?

ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணமே, இத்தனை ஆண்டு வராத இந்த நினைவு இப்போது ஏன் வந்தது என்ற ஐயம் பிடித்துக்கொண்டது. நானும் தேடித் தேடிப் பிரித்தேனோ?

கூட்டம் கோயில் மண்டபத்தில், மாலைப் பூசைக்குப் பின் கூடியது. செயலாளர் பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் தொழில் செய்பவர். குரல் பெரியது, மனம் கெட்டதன்று. இளைய காவலன் ஒருவனை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். மருமகள் சுவரில் படங்களைக் காட்டி, முதலில் தன் கணவருக்கு எதிரான கணக்கை மறைக்காமல் சொன்னாள். பிறகு கோயில் முனைக் கணக்கையும், வெயிலும் தொப்பியும் காரணமாக இருக்கலாம் என்பதையும் சொன்னாள். அதன் மேல் தனக்கு இருந்த சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னாள். என் மகன் உள்ளே வரவில்லை. வெளியே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றான். பேச்சு அங்கே கேட்கும்.

"மருமக கணக்குப் போடுறா, மாமனார் தீர்ப்பு சொல்லப் போறாரு," என்றார் செயலாளர். "நல்ல குடும்பம்லா."

சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி நேராகவே கேட்டார்: "கேலி இருக்கட்டும் ஐயா. தொப்பி போடலாமா, கூடாதா? ஒரு வார்த்தைல சொல்லுங்க."

பூசாரியைக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பூசாரியோ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நெற்றி விளக்கைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்து, "இதச் சொல்றவன் அவனோட அப்பன். அதையும் சேத்துத்தான் நீங்க எட போடணும்," என்றேன்.

தூணோரம் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் பேசினார். தோட்டம் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டியவர், என்னைவிட மூத்தவர்.

"வெளக்கோடதான் கும்புட்டோம், வாஸ்தவம்தான். அவுத்துட்டு மறுபடி கட்டுறதுக்கு நேரம் ஏது? பெரட்டுக்கு லேட்டாப் போனா கங்காணி ஏசுவாரு. அதான் தம்பி."

இப்போது எல்லாரும் உரக்கச் சிரித்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய அவசரத்தை நான் பக்தியின் நுட்பமாக எடுத்துச் சொல்லியிருந்தேன். என் காதுகள் சூடேறின. ஆனால் அந்தச் சிரிப்பே கூட்டத்தை இளக்கிவிட்டது. அம்மன் அப்போது கோபித்துக்கொள்ளவில்லை, இப்போதும் கோபிக்கமாட்டாள் என்று யாரோ சொல்ல, செயலாளர் இறங்கிவந்தார். இன்னும் ஓர் ஆட்டம், தொப்பியோடு. அதிலும் கோயில் முனையில் பந்தை விட்டால் இளையவன். அதுவே முடிவானது.

தெலுக் இந்தான் குழு வந்த ஞாயிறு பகல் முழுவதும் வெயில் கொளுத்தியது. முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் அடித்தோம். எனக்கு அது ஆறுதல் தரவில்லை. இரண்டாம் பாதிக்கு என் மகன் கோயில் முனைக்கு வந்தான். தொப்பியைத் தலையில் வைத்தபடியே வாசல் பக்கம் திரும்பிக் கைகுவித்தான். குவித்த கையை எப்போது இறக்குவது என்று தெரியாதவன்போல நின்றுவிட்டு, அப்புறம் திரும்பினான். நான் கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.

மறுபடி நிமிர்ந்தபோது ஒளி மாறியிருந்தது. மேற்கே செம்பனைகளுக்கு மேல் கருமேகம் ஏறி, கதிரவன் இருந்த இடமே தெரியவில்லை. திடலில் யாருக்கும் நிழல் இல்லை. தெலுக் இந்தான்காரர்கள் தொலைவிலிருந்து உயர உயர அடித்தார்கள். அவன் ஒவ்வொன்றையும் எட்டிப் பிடித்தான். ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டான். அவன் கூவும் குரல் திடல் முழுதும் கேட்டது. மழை விழவில்லை, மேகமும் விலகவில்லை. அப்படியே ஆட்டம் முடிந்தது. வென்றோம்.

செயலாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கணக்கு சரியாப் போச்சுலா ஐயா. இனி இவன்தான்."

மருமகள் என் அருகே நின்றாள். அவள் முகத்தில் நான் தேடிய மகிழ்ச்சி இல்லை.

"மாமா, இன்னிக்கு வெயிலே இல்ல."

"தெரியும்மா."

"அப்ப தொப்பியாலதான்னு எப்படிச் சொல்றது?"

அவள் செயலாளரிடம் போய் அதைச் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. இந்த ஆட்டம் எதையும் மெய்ப்பிக்கவில்லை, வெயில் அடிக்கும் மாலையில் ஆடிப் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் விளக்க, அவர் தலையாட்டிக்கொண்டே, ஜெயித்த அன்றுகூட டீச்சருக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும் என்று சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

என் மகன் மற்றவர்களோடு புல்லில் உட்கார்ந்து, தான் தட்டிவிட்ட அந்தப் பந்தை இரு கைகளாலும் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். அவன் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டு நாளாயிற்று. மருமகள் தொலைவில் நின்று அவனைப் பார்த்தாள். பிறகு மேற்கே பார்த்தாள்.

பூசைக்கு மணி அடித்தது. உள்ளே போய் நின்றேன். வெயிலை வேண்டுவதா, மேகத்தை வேண்டுவதா என்று தெரியவில்லை. கைகள் மட்டும் பழக்கத்தால் குவிந்திருந்தன.