பைண்டு புத்தகத்தின் உயரம்

புது வீட்டு வராந்தாவில் ஆசாரி பலகை இழைத்துக்கொண்டிருந்தார். தேக்கின் வாசனை உள்ளே வந்ததும் எனக்குப் பாளையங்கோட்டை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் அங்கே எங்கள் புத்தகங்கள், ஆப்பிள் பெட்டிப் பலகைகளை ஆணியடித்து அப்பாவே செய்த தட்டுகளில் இருந்தன. ஒன்றை உருவினால் மொத்தமும் ஆடும். ஒரு கோடை விடுமுறையில், பள்ளி ஆசிரியரான அப்பா உள்ளூர் ஆசாரி ஒருவரிடம் தேக்கில் அலமாரி செய்யச் சொன்னார். தன் சரித்திரப் புத்தகங்களை அளந்து படமும் வரைந்து கொடுத்தார்.

அலமாரி பளபளவென்று வந்து நின்றது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்திருந்த தன் புத்தகங்களை அம்மா எடுத்து வந்தாள். ஒன்றுகூட அதில் நிமிர்ந்து நிற்கவில்லை.

“படுக்க வச்சிரலாம்” என்றார் அப்பா.

“வேண்டாம். அதுக பழைய தட்டுலயே இருந்துட்டுப் போகுது” என்றாள் அம்மா. அன்று காபி ஆறித்தான் வந்தது.

மறுநாள் அப்பா ஆசாரியிடம், “நடுப்பலகையக் கழத்திரும்வே” என்றார்.

“கழத்துனா உங்க புஸ்தகத்துல பாதிக்கு இடம் இருக்காதே, சார்வாள்?”

“தெரியும். கழத்தும்.”

தொடர்கதைகள் தேக்கில் நிமிர்ந்து நின்றன. சரித்திரம் பாதி ஆப்பிள் பெட்டிக்கே திரும்பியது. அப்பா ஒரு புத்தகத்தை உருவும்போதெல்லாம் தட்டு ஆடும்; அடுக்களையில் அம்மா சிரிப்பது கேட்கும்.

“தட்டு எவ்வளவு உயரம் வைக்கணும் சார்?” என்று வராந்தாவிலிருந்து ஆசாரி கேட்டார்.

அளவு நாடாவைத் தேடாமல், அம்மாவின் பைண்டு புத்தகம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.